நடப்புக் கோப்புறையைக் கேட்டறிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், தான் எந்தக் கோப்புறையில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள சி நூலகத்தில் கெட்சிடபிள்யூடி என்ற செயற்கூறு இருக்கிறது. 'கெட்' என்பதோடு சி, டபிள்யூ, டி என்ற மூன்று சிறிய எழுத்துகளை இடைவெளி இல்லாமல் ஒட்டினால் அதன் பெயர் வந்துவிடும். ஒரே ஒரு வரியில் அழைத்து முடிக்கிற விஷயத்துக்கு இத்தனை கேள்விகளா என்று நானும் ஒருகாலத்தில் நினைத்திருக்கிறேன். பிறகு அதே வரி என் தூக்கத்தைச் சில இரவுகள் கெடுத்தது. இங்கே இருப்பவை பெரும்பாலும் லினக்ஸையும் யூனிக்ஸ் வழிவந்த பிறவற்றையும் பற்றியவை. விண்டோஸ் வேறு வழியில் போவதால் அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

நடப்புக் கோப்புறை என்பது சரியாக என்ன?

சாய்கோட்டில் தொடங்காத ஒரு பாதையை நிரல் திறக்கச் சொன்னால், அதை எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குத் தெரிய வேண்டும். அந்தத் தொடக்க இடம்தான் நடப்புக் கோப்புறை. ஒவ்வொரு பிராசஸுக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், இப்படி ஓர் இடம் உண்டு.

பெரும்பாலோர் தவறுவது இதற்கு அடுத்த படியில். கெர்னல் இந்த இடத்தை ஓர் எழுத்துச் சரமாக வைத்திருப்பதில்லை. லினக்ஸில் அது இரண்டு சுட்டுகள் கொண்ட ஒரு ஜோடி: எந்த மவுண்டில் (இணைக்கப்பட்ட கோப்பு முறைமையில்) இருக்கிறோம், அதற்குள் எந்தக் கோப்புறைப் பதிவில் இருக்கிறோம் என்பவை மட்டுமே. '/வீடு/திட்டம்/மூலம்' என்பது போன்ற பெயர் எங்கும் சேமிக்கப்படவில்லை. நீங்கள் கேட்கும் ஒவ்வொரு முறையும் கெர்னல் அந்த இடத்திலிருந்து மேல்நோக்கி வேர் வரை ஏறி, வழியில் காணும் பெயர்களைக் கோத்துப் பாதையாக எழுதித் தருகிறது.

ஒரு சின்னச் சோதனை இதைத் தெளிவாக்கும். ஒரு டெர்மினலில் ஒரு கோப்புறைக்குள் சென்று பைத்தானைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு டெர்மினலில் அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றுங்கள். பைத்தானில் மறுபடியும் நடப்புக் கோப்புறையைக் கேட்டால் புதிய பெயர் வரும். நிரல் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அதன் முகவரிதான் மாறியது. இந்தப் பக்கத்தில் வரும் குழப்பங்களில் முக்கால்வாசி, இடத்தையும் முகவரியையும் ஒன்றென்று எண்ணுவதால் வருபவை.

கெட்சிடபிள்யூடியை எப்படி அழைப்பது?

யூனிஸ்டிடி என்ற தலைப்புக் கோப்பைச் சேர்த்துக்கொண்டு, விடையை எழுதிக்கொள்ள ஒரு பஃபரையும் (நினைவக இடம்) அதன் அளவையும் கொடுக்க வேண்டும். வெற்றி என்றால் அதே பஃபரின் சுட்டு திரும்பி வரும். தோல்வி என்றால் நல், அதாவது வெற்றுச் சுட்டு, வரும். காரணம் எர்நோ என்ற பிழை எண் மாறியில் இருக்கும். ஈரேஞ்ச் என்றால் பஃபர் போதவில்லை. ஈஇன்வால் என்றால் பஃபரைக் கொடுத்துவிட்டு அளவைப் பூஜ்யம் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஈநோஎன்ட் என்றால் நீங்கள் நிற்கும் கோப்புறைக்கு இப்போது பெயரே இல்லை. இந்தக் கடைசி விஷயத்தைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

திரும்பி வரும் மதிப்பைச் சோதிக்காமல் நேரே அச்சிடும் நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தோல்வியடைந்தால் பஃபரில் என்ன இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. பழைய குப்பையை அச்சிட்டுவிட்டு, கோப்புறை தவறாக வருகிறது என்று நூலகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

பஃபர் எவ்வளவு பெரிதாக இருந்தால் போதும்?

'பாத்_மேக்ஸ் அளவு போதும்' என்பது வழக்கமான பதில். லினக்ஸில் அது 4096, மேக் ஓஎஸ்ஸில் 1024. சரத்தை முடிக்கும் பூஜ்ய பைட்டும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. அன்றாட நிரலுக்கு இந்தப் பதில் சரிதான். ஆனால் அது முழு உண்மை அல்ல.

பாத்_மேக்ஸ் என்பது கெர்னலுக்கு ஒரே அழைப்பில் கொடுக்கக்கூடிய பாதையின் நீளத்துக்கான வரம்பு. கோப்புறைகள் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கான வரம்பு அல்ல. ஒரு கோப்புறையை உருவாக்கு, அதற்குள் போ, மறுபடி ஒன்றை உருவாக்கு, அதற்குள்ளும் போ என்று ஒரு சுழற்சி எழுதினால் ஒவ்வோர் அழைப்பிலும் பாதை குட்டையாகவே இருக்கும். கெர்னல் மறுக்காது. சில நூறு சுற்றுகளில் உங்கள் முழுப் பாதை 4096-ஐத் தாண்டியிருக்கும். லினக்ஸின் சிஸ்டம் அழைப்பு (நூலகம் கெர்னலிடம் கேட்கும் அழைப்பு) அந்த நிலையில் ஈநேம்டூலாங், அதாவது பெயர் மிக நீளம், என்று கைவிரிக்கிறது. லினக்ஸில் பரவலான சி நூலகமான ஜிலிப்சி அதோடு விடாமல், பழைய காலத்து வழியில் தானே மேலே ஏறிப் பெயர்களைச் சேகரித்துத் தருகிறது. மசல் என்ற இன்னொரு சி நூலகம் அவ்வளவு தூரம் மெனக்கெடுவதில்லை.

எனவே கறாராக எழுத விரும்பினால் ஒரு பஃபருடன் தொடங்குங்கள். ஈரேஞ்ச் வந்தால் இரட்டிப்பாக்கி மறுபடி கேளுங்கள். வேறு எந்தப் பிழை வந்தாலும் சுழற்சியை விட்டு வெளியே வாருங்கள். எல்லாப் பிழைக்கும் பஃபரைப் பெரிதாக்கிக்கொண்டே போகும் நிரல், கோப்புறை அழிக்கப்பட்ட நாளில் நினைவகம் முழுவதையும் விழுங்கிவிட்டுத்தான் ஓயும்.

தமிழில் கோப்புறைப் பெயர் வைப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம். இந்த அளவுகள் எல்லாம் பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு அல்ல. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'கோப்புறை' என்ற நான்கெழுத்துச் சொல்லில் 8 குறியீடுகள் இருக்கின்றன. மொத்தம் 24 பைட். ஒரு பெயருக்கு லினக்ஸ் கோப்பு முறைமைகள் வழக்கமாக வைக்கும் 255 பைட் வரம்புக்குள் 85 தமிழ்க் குறியீடுகள்தான் அடங்கும். ஆங்கிலப் பெயர்களை மட்டுமே சோதித்துப் பார்த்து 'இவ்வளவு போதும்' என்று வைத்த பஃபர், தமிழ்ப் பெயரில் எதிர்பார்த்ததைவிட மிகச் சீக்கிரமே நிரம்பிவிடும்.

பஃபருக்குப் பதிலாக நல் கொடுத்தால் நூலகமே இடம் ஒதுக்கித் தருமாமே?

தரும். ஆனால் அது நூலகங்களின் தயவு. யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரநிலை இதைத் தீர்மானிக்காமல் விட்டிருக்கிறது. ஜிலிப்சியில் நல்லும் பூஜ்யமும் கொடுத்தால் தேவையான அளவுக்கு மாலாக் மூலம் இடம் ஒதுக்கித் தரும். நல்லோடு 100 என்று கொடுத்தால் 100 பைட்தான் ஒதுக்கும். பாதை அதில் அடங்காவிட்டால் ஈரேஞ்ச். மசல் நூலகம் நல் கொடுத்தால் நீங்கள் சொன்ன அளவைக் கண்டுகொள்வதே இல்லை: பாத்_மேக்ஸ் அளவுள்ள தற்காலிக இடத்தில் பெற்று, அதன் நகலைத் தருகிறது. மேக் ஓஎஸ்ஸிலும் பிஎஸ்டி குடும்பத்திலும் இந்த வசதி உண்டு.

நீங்கள் எழுதுவது இவற்றில் ஓடினால் போதும் என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். நானும் பயன்படுத்துகிறேன். முடிந்ததும் அந்த இடத்தை ஃப்ரீ செய்ய (விடுவிக்க) மறக்காதீர்கள், அவ்வளவுதான்.

கெட்டபிள்யூடி என்று ஒன்று இருக்கிறதே, நடுவில் சி இல்லாமல்?

தொடாதீர்கள். அதற்குப் பஃபரை மட்டும் கொடுக்கிறோம், அளவைச் சொல்ல வழியே இல்லை. 2008-ஆம் ஆண்டின் போசிக்ஸ் பதிப்பிலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். பழைய நிரல்களைப் படிக்கும்போது எதிர்ப்பட்டால் மாற்றிவிடுங்கள்.

பிடபிள்யூடி கட்டளை ஒரு பாதையைச் சொல்கிறது, என் நிரல் வேறு பாதையைச் சொல்கிறது. எது சரி?

இரண்டும் சரி. நீங்கள் ஒரு குறியீட்டு இணைப்பின் வழியாக உள்ளே வந்திருக்கிறீர்கள்.

'தரவு' என்பது எங்கோ ஆழத்தில் உள்ள ஒரு கோப்புறையைக் காட்டும் இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லில் 'தரவு' என்ற பெயரைச் சொல்லி உள்ளே போனால், ஷெல் தான் வந்த வழியை நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்த நினைவுதான் பிடபிள்யூடி என்ற சூழல் மாறி. ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் பிடபிள்யூடி கட்டளை அந்த நினைவைத்தான் அச்சிடுகிறது. கெர்னலுக்கோ நீங்கள் வந்த வழி தெரியாது, நிற்கும் இடம் மட்டுமே தெரியும். அங்கிருந்து மேலே ஏறும்போது இணைப்பு எதுவும் குறுக்கே வராது. ஆகவே கெட்சிடபிள்யூடி தருவது இணைப்புகள் கலக்காத உண்மைப் பாதை. பிடபிள்யூடி கட்டளைக்குப் பெரிய பி என்ற தெரிவைக் கொடுத்தால் அதுவும் உண்மைப் பாதையையே சொல்லும், பெரிய எல் கொடுத்தால் வந்த வழியைச் சொல்லும்.

வேடிக்கை என்னவென்றால், ஷெல்லின் உள்ளமைந்த கட்டளை ஒன்று, குனு கருவிகளோடு தனிக் கோப்பாக வரும் அதே பெயர்க் கட்டளை இன்னொன்று. முன்னது இயல்பாக வந்த வழியைச் சொல்கிறது, பின்னது இயல்பாக உண்மைப் பாதையைச் சொல்கிறது. ஒரே பெயர், ஒரே கோப்புறை, இரண்டு விடைகள். இதை முதன்முதலில் பார்த்தபோது என் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று நம்பினேன்.

அப்படியானால் பயனருக்குக் காட்ட அந்தச் சூழல் மாறியையே படித்துவிடலாமா?

சோதிக்காமல் கூடாது. அது வெறும் சரம். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். உங்கள் நிரலைத் தொடங்கிய இன்னொரு நிரல் கோப்புறையை மாற்றிவிட்டு மாறியைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம்.

நம்பிப் பயன்படுத்த வழி ஒன்று உண்டு. மாறி சொல்லும் பாதைக்கும் ஒற்றைப் புள்ளிக்கும் (நடப்புக் கோப்புறையின் குறி) தனித்தனியே ஸ்டாட் (கோப்பின் விவரம் தரும் அழைப்பு) அழைத்து, சாதன எண்ணும் ஐநோடு எண்ணும் (கோப்பு முறைமைக்குள் அதன் அடையாள எண்) இரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றென்றால் மாறி சொல்வது உண்மை. குனு நூலகத்தின் கெட்_கரண்ட்_டிர்_நேம் என்ற செயற்கூறு இதைத்தான் செய்கிறது: மாறி சரியாக இருந்தால் அதைத் தரும், இல்லாவிட்டால் கெட்சிடபிள்யூடியிடம் போகும். கோ மொழியின் நூலகமும் இதே தந்திரத்தைக் கையாள்கிறது. பயனர் தட்டச்சு செய்த பெயரையே திரும்பக் காட்டினால் அவருக்குத் திருப்தி. உள்வேலைகளுக்கு உண்மைப் பாதை போதும்.

ஈநோஎன்ட் வருகிறது. நான் அந்தக் கோப்புறைக்குள்தானே இருக்கிறேன், அது எப்படி இல்லாமல் போகும்?

நீங்கள் உள்ளே நிற்கும்போதே வேறு யாரோ அதை அழித்துவிட்டார்கள். யூனிக்ஸ் இதைத் தடுப்பதில்லை. கோப்புறையின் பெயர் மேல்கோப்புறையிலிருந்து நீக்கப்படும்; ஆனால் நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பதால் அந்த இடம் மட்டும் அந்தரத்தில் தொங்கும். அங்கே புதிய கோப்பு எதையும் உருவாக்க முடியாது. பெயர் கேட்டால் சொல்வதற்குப் பெயர் இல்லை, எனவே பிழை. பாஷ் ஷெல்லைத் திறந்தவுடன் 'மேல்கோப்புறைகளை அணுக முடியவில்லை' என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வந்தால் காரணம் இதுதான். ஒரு பில்டு ஸ்கிரிப்ட் வெளியீட்டுக் கோப்புறையை அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கும்போது இதை அடிக்கடி பார்க்கலாம். பெயர் ஒன்றானாலும் அது வேறு கோப்புறை, நீங்கள் இன்னும் பழையதில் நிற்கிறீர்கள். வெளியே போய்த் திரும்பி வந்தால் சரியாகிவிடும்.

இதைவிட விசித்திரமான ஒரு நிலையும் உண்டு. வேறொரு கோப்புறையை வேராகக் காட்டும் சிஎச்ரூட் அழைப்பின் மூலம் வேர் மாற்றப்பட்டு, ஆனால் நடப்புக் கோப்புறை அந்தப் புதிய வேருக்கு வெளியே நிற்கலாம். சிஎச்ரூட் நடப்புக் கோப்புறையை மாற்றுவதில்லை. அதற்குப் பின் வேருக்கு நகர வேண்டியது உங்கள் பொறுப்பு. அப்படி வெளியே நிற்கும் இடத்திலிருந்து மேலே ஏறினால் வேரை அடையவே முடியாது. லினக்ஸ் 2.6.36 முதல், இந்நிலையில் சிஸ்டம் அழைப்பு பிழை சொல்லாமல், 'அடைய இயலாதது' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லை அடைப்புக்குறிக்குள் முன்னொட்டாகப் போட்டு ஒரு சரத்தைத் தரத் தொடங்கியது. கெட்சிடபிள்யூடி வெற்றி பெற்றால் முதல் எழுத்து சாய்கோடுதான் என்று ஊரெல்லாம் நம்பிக்கொண்டிருந்தது. ஜிலிப்சியும் நம்பியது. பாதையை முழு வடிவுக்கு மாற்றும் அதன் ரியல்பாத் செயற்கூறு முந்தைய சாய்கோட்டைத் தேடிப் பின்னோக்கி நகரும்போது, சாய்கோட்டில் தொடங்காத இந்தச் சரத்தில் பஃபரின் தொடக்கத்தையும் தாண்டிப் பின்னால் போய் எழுதியது. 2018 ஜனவரியில் இது பாதுகாப்பு ஓட்டையாக வெளிவந்தது. உள்ளூர்ப் பயனர் ஒருவர் இதை வைத்து ரூட் அதிகாரம், அதாவது முழு நிர்வாக உரிமை, பெற முடிந்தது. ஜிலிப்சி 2.27 முதல் இத்தகைய நிலையில் கெட்சிடபிள்யூடி ஈநோஎன்ட் பிழையுடன் தோல்வியடைகிறது. மசல் முதல் எழுத்தைச் சோதித்துவிட்டுத்தான் விடையைத் தருகிறது.

கெட்சிடபிள்யூடியிலேயே நேரடியாக ஓட்டை இருந்ததா?

ஒன்று உண்டு. பஃபரின் அளவு சரியாக 1 என்று இருந்தால் ஜிலிப்சி ஒரு பைட் தள்ளி எழுதிவிடக்கூடிய பிழை அது. 2022-இல் வந்த 2.35 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. யார்தான் ஒரு பைட் பஃபர் கொடுப்பார்கள் என்று கேட்கலாம். அளவை வெளியாரிடமிருந்து வாங்கி அப்படியே கடத்துகிற செட்யூஐடி நிரல் (தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும் நிரல்) கொடுக்கும்.

என் நிரல் இருக்கும் கோப்புறையைத் தெரிந்துகொள்ள கெட்சிடபிள்யூடி போதும்தானே?

போதாது. உண்மையில் அது இந்தக் கேள்விக்கான விடையே அல்ல. நிரலின் கோப்பு எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. நிரலைத் தொடங்கியவர் அப்போது எங்கே நின்றார் என்பது வேறொன்று. எழுதிய கோப்புறையிலேயே நின்றுகொண்டு சோதிப்பதால் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. மாயை அங்கே தொடங்குகிறது.

என் சொந்தக் கதை இது. தினமும் ஓர் அறிக்கை தயாரிக்கும் சிறு நிரலை எழுதி, கையால் பத்து முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, குறித்த நேரத்தில் நிரல்களைத் தொடங்கும் கிரானில் போட்டேன். நிரல் தன் அமைப்புக் கோப்பைச் சார்புப் பாதையில் தேடியது. கிரான் வேலைகள் பயனரின் முகப்புக் கோப்புறையில் தொடங்குகின்றன. அங்கே அமைப்புக் கோப்பு இல்லை. கோப்பு இல்லாவிட்டால் இயல்பு மதிப்புகளோடு தொடரட்டும் என்று நானே பெருந்தன்மையாக எழுதி வைத்திருந்தேன். பிழைச் செய்தி எதுவும் இல்லாமல், மூன்று வாரம் தவறான அறிக்கைகள் போய்க்கொண்டிருந்தன. என் முகப்புக் கோப்புறையில் அந்நியமான பதிவுக் கோப்பு ஒன்று வளர்ந்துகொண்டிருப்பதைத் தற்செயலாகப் பார்த்த பிறகுதான் குட்டு உடைந்தது.

லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் அமைப்பு அளவிலான சேவைகள் என்றால் இயல்பாக வேர்க் கோப்புறையில் தொடங்கும். சேவைக் கோப்பில் வொர்க்கிங்டைரக்டரி என்ற வரியைச் சேர்த்து மாற்றலாம். ஐகானைச் சொடுக்கித் தொடங்கினால் அந்த டெஸ்க்டாப் சூழலின் விருப்பம்.

நிரல் கோப்பின் இடம் வேண்டுமென்றால் லினக்ஸில் பிராசஸ் விவரங்களைக் காட்டும் புராக் கோப்பு முறைமையில் செல்ஃப் என்பதன் கீழுள்ள எக்ஸி இணைப்பை ரீட்லிங்க் மூலம் படியுங்கள். விண்டோஸில் கெட்மாட்யூல்ஃபைல்நேம் என்பதை அழைக்கலாம். முதல் ஆர்குமென்டிலிருந்து ஊகிக்காதீர்கள். அழைப்பவர் அங்கே எதை வைத்தார் என்பதற்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது.

என் நிரல் சிஎச்டிர் அழைத்துக் கோப்புறையை மாற்றியது, ஆனால் முடிந்ததும் ஷெல் பழைய இடத்திலேயே இருக்கிறதே?

உங்கள் நிரலைத் தொடங்க ஷெல் ஃபோர்க் மூலம் தன்னைப் பிரதியெடுக்கும்போது, அந்தக் குழந்தை பிராசஸுக்கு நடப்புக் கோப்புறையின் நகல் கிடைக்கிறது. குழந்தையில் நிரலை ஏற்றும் எக்செக் அதை மாற்றுவதில்லை. குழந்தை எங்கே போனாலும் தாய் நகராது.

இந்தத் தடுமாற்றம் யூனிக்ஸின் வயதுடையது. பிடிபி-7 கணினியில் யூனிக்ஸ் உருவான நாட்களில் கோப்புறை மாற்றும் கட்டளை மற்றவற்றைப் போல ஒரு தனி நிரலாகத்தான் இருந்தது. ஃபோர்க் சேர்க்கப்பட்ட பிறகு அது திடீரென்று வேலை செய்யாமல் போனதையும், நிரலை எல்லாம் அலசிய பிறகே காரணம் பிடிபட்டதையும் யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பதிவுசெய்திருக்கிறார். கட்டளை சரியாகவே ஓடி, குழந்தையின் கோப்புறையை மாற்றி, குழந்தையோடு மறைந்துபோய்க்கொண்டிருந்தது. அதனால்தான் கோப்புறை மாற்றும் சிடி இன்றுவரை ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை. அமைப்பைப் படைத்தவர்களே சறுக்கிய இடம் இது, நீங்கள் வெட்கப்பட வேண்டாம்.

பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) உள்ள நிரலில் ஒவ்வொன்றுக்கும் தனி நடப்புக் கோப்புறை உண்டா?

இல்லை. ஒரு பிராசஸின் த்ரெட்கள் அனைத்துக்கும் ஒன்றே. ஒரு த்ரெட் சிஎச்டிர் அழைத்த நொடியில் மற்ற எல்லாவற்றின் காலடியிலும் தரை மாறிவிடும். ஒரு த்ரெட் முழுப் பாதையைச் சேர்க்கும் நோக்கில் கெட்சிடபிள்யூடி அழைத்து, அந்த விடையைப் பயன்படுத்துவதற்குள் இன்னொன்று இடத்தை மாற்றிவிடலாம். பூட்டு போட்டும் பயனில்லை. உங்கள் பூட்டைப் பற்றித் தெரியாத நூலகம் ஒன்று உள்ளே இருந்தால் கதை முடிந்தது.

எனவே நூலகம் எழுதுபவர்களிடம் என் ஒரே கோரிக்கை: சிஎச்டிர் அழைக்காதீர்கள். 'போய்விட்டு உடனே திரும்பிவிடுகிறேன்' என்பதும் வேண்டாம். வேலை நடக்க வேண்டிய கோப்புறையை ஒருமுறை திறந்து அதன் டிஸ்கிரிப்டரை (திறந்ததற்குக் கெர்னல் தரும் எண்) கையில் வைத்துக்கொண்டு, ஓப்பன்அட், எஃப்ஸ்டாட்அட், அன்லிங்க்அட் என்று 'அட்' என முடியும் குடும்பத்தைப் பயன்படுத்துங்கள். 2008 முதல் இவை போசிக்ஸில் இருக்கின்றன. கோப்புறையின் பெயர் மாறினாலும் டிஸ்கிரிப்டர் அதே இடத்தைக் காட்டும். பெயரைச் சோதித்துவிட்டுத் திறப்பதற்குள் யாரோ அதை மாற்றிவிடும் வகைத் தாக்குதலுக்கும் இது பெரும்பாலும் முட்டுக்கட்டை.

லினக்ஸில் அன்ஷேர் என்ற அழைப்பால் ஒரு த்ரெட்டை மட்டும் பிரித்துத் தனி நடப்புக் கோப்புறை கொடுக்க முடியும். என்ன செய்கிறோம் என்று தெரிந்தவர்களுக்கான வசதி அது.

கோப்புறையை மாற்றியே ஆக வேண்டும், பிறகு திரும்பவும் வேண்டும். எப்படி?

கெட்சிடபிள்யூடியில் பெயரை வாங்கி வைத்து, பிறகு அந்தப் பெயருக்குத் திரும்பாதீர்கள். இடைவெளியில் பெயர் மாறியிருக்கலாம், அல்லது அதே பெயரில் வேறு கோப்புறை முளைத்திருக்கலாம். ஒற்றைப் புள்ளியை ஓப்பன் செய்து டிஸ்கிரிப்டரை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அதை எஃப்சிஎச்டிர் அழைப்புக்குக் கொடுங்கள். முகவரி வழியே தேடாமல் இடத்துக்கே போய்விடலாம்.

கெர்னலில் தனி அழைப்பு இல்லாத காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

நடந்தே போனார்கள். நிற்கும் கோப்புறையின் ஐநோடு எண்ணைக் குறித்துக்கொண்டு, மேல்கோப்புறையைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியைத் திறந்து, அதிலுள்ள பதிவுகளில் எதற்கு அந்த எண் என்று தேடி, அந்தப் பெயரைச் சரத்தின் முன்னால் ஒட்டி, மறுபடி ஒரு படி மேலே. தானும் மேல்கோப்புறையும் ஒன்றேயாகும் இடத்தில் வேர் வந்துவிட்டது என்று பொருள். மவுண்ட் எல்லைகளைக் கடக்கும்போது ஐநோடு எண் மட்டும் போதாது, சாதன எண்ணையும் ஒப்பிட வேண்டும். அதற்கு ஒவ்வொரு பதிவுக்கும் ஸ்டாட். வழியில் ஏதாவது ஒரு மேல்கோப்புறையைப் படிக்க அனுமதி இல்லையென்றால் ஈஆக்சஸ் பிழையோடு பயணம் முடிந்துவிடும். இந்தப் பிழை கையேட்டில் இன்னும் இருப்பது அந்தக் காலத்தின் மிச்சம். லினக்ஸில் தனிச் சிஸ்டம் அழைப்பு 2.1.92 கெர்னலில் வந்தது. அதன் பிறகு இது அரிதாகிவிட்டது.

விண்டோஸில்?

கெட்கரண்ட்டைரக்டரி என்ற செயற்கூறு. அது திருப்பித் தரும் எண்ணுக்கு இரண்டு பொருள். பஃபர் போதுமென்றால், எழுதப்பட்ட எழுத்துகளின் எண்ணிக்கை, முடிவுக் குறி நீங்கலாக. போதாதென்றால், தேவைப்படும் அளவு, முடிவுக் குறி உட்பட. பூஜ்யம் என்றால் பிழை. இந்த ஒன்று வித்தியாசத்தில் தடுக்கி விழாத விண்டோஸ் நிரலாளர் இருந்தால் அவர் பாக்கியசாலி. அளவைப் பூஜ்யமாகக் கொடுத்து முதலில் தேவையைக் கேட்டுவிட்டுப் பிறகு ஒதுக்குவது நல்ல வழக்கம்.

பல த்ரெட் நிரல்களும் பகிரப்படும் நூலகங்களும் இதைத் தவிர்க்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. காரணம் மேலே சொன்னதுதான். தமிழ்ப் பெயருள்ள கோப்புறைகள் சிதையாமல் வர, பெரிய டபிள்யூ என முடியும் அகல எழுத்து வடிவத்தை அழையுங்கள்.

யூனிக்ஸிலிருந்து வருபவர்களை வியப்பில் ஆழ்த்தும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, விண்டோஸ் நடப்புக் கோப்புறையைத் திறந்தே வைத்திருக்கும். ஒரு நிரல் அங்கே நிற்கும்வரை அதை அழிக்க முடியாது. இரண்டு, ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு நடப்புக் கோப்புறை இருப்பது போன்ற தோற்றம். டாஸ் காலத்து மரபைக் காப்பாற்ற, சமக்குறியில் தொடங்கும் பெயருள்ள மறைவான சூழல் மாறிகளில் அது பதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

மற்ற மொழிகளில்?

பைத்தானின் ஓஎஸ் தொகுதி, ரஸ்டின் கரண்ட்_டிர், சி++17-இன் கரண்ட்_பாத், நோடின் பிராசஸ் பொருள் எல்லாம் அடியில் இதே இயங்குதள அழைப்பைத்தான் கூப்பிடுகின்றன. கோப்புறை அழிந்திருந்தால் பெரும்பாலும் பிழை வரும். ஜாவா மட்டும் தனி ரகம். தொடங்கும்போது யூசர்.டிர் என்ற பண்பில் குறித்துவைப்பதோடு சரி, கோப்புறையை மாற்ற வழியே கொடுக்கவில்லை. அந்தப் பண்பைத் திருத்தினால் கோப்புறை மாறிவிடும் என்று நம்பாதீர்கள். த்ரெட் தொல்லையை யோசித்தால் ஜாவா செய்தது புத்திசாலித்தனம் என்றே எனக்குப் படுகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு பிராசஸ் எங்கே நிற்கிறது என்று பார்க்க முடியுமா?

லினக்ஸில் புராக் கோப்பு முறைமையில் அந்த பிராசஸ் எண்ணின் கீழ் சிடபிள்யூடி என்ற இணைப்பு இருக்கும். அதைப் படித்தால் போதும். பிடபிள்யூடிஎக்ஸ் கட்டளையும் அதையே சொல்லும். கோப்புறை அழிந்திருந்தால் பாதையின் இறுதியில் 'அழிக்கப்பட்டது' என்ற ஆங்கிலக் குறிப்பு ஒட்டியிருக்கும். மற்றவருடைய பிராசஸ் என்றால் அதற்கான அனுமதி உங்களுக்கு வேண்டும்.

ஒரு டிஸ்க்கை அன்மவுண்ட் செய்யப்போனால் 'பயன்பாட்டில் உள்ளது' என்று மறுக்கிறதா? எல்எஸ்ஓஎஃப் கட்டளையின் வெளியீட்டில் டிஸ்கிரிப்டர் பத்தியில் சிடபிள்யூடி என்று இருக்கும் வரிகளைத் தேடுங்கள். எந்தக் கோப்பையும் திறக்காமல், சும்மா அங்கே நிற்கும் நிரல் ஒன்று அகப்படும். பின்னணியில் ஓடும் டீமன்கள் தொடங்கியவுடன் வேர்க் கோப்புறைக்கு நகர்ந்துவிடும் வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது. பெரும்பாலான நாட்களில் குற்றவாளி டீமன் அல்ல, நீங்கள் எப்போதோ திறந்துவிட்டு மறந்த இன்னொரு டெர்மினல்.